மூணு மாநிலம், ஒரு லைசென்ஸ்

அமெரிக்காவில் இருக்கும் நம்ம ஆட்களோடு போனில் பேசினால், விசாவுக்கும் வீட்டுக்கடனுக்கும் அடுத்தபடியாக அடிபடும் விஷயம் ஸ்பீடிங் டிக்கெட். சொந்த மாநிலத்தில் ஒன்று, லாங் வீக்கெண்டுக்குப் பக்கத்து மாநிலம் போன இடத்தில் இன்னொன்று. உடனே கணக்கு ஆரம்பிக்கும். எந்த டிக்கெட்டுக்கு டிராஃபிக் ஸ்கூல் போகலாம், எதற்குப் போக முடியாது, எது பாயின்ட்டாக லைசென்ஸில் ஏறும், எது இன்சூரன்ஸ்காரன் கண்ணில் படும்... பிளஸ் டூ பரீட்சைக்குக் கூட இவ்வளவு மண்டையைக் குடைந்திருக்க மாட்டார்கள் :-)

இதையெல்லாம் கேட்கும்போது சிஞ்ச்வட்டில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும். டிக்கெட் மேல் இல்லைங்க, அந்த ஸ்கூல் மேல். தப்புப் பண்ணினவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஏன் இவ்வளவு வேகம்? அந்த வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி எங்கே போய் நிற்கும் தெரியுமா?" என்று யாரோ ஒருத்தர் சில மணி நேரம் பேசுகிறார் பாருங்கள், அது நம் ஊரில் ஏன் நடப்பதில்லை என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

சிஞ்ச்வட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. புனேயை ஒட்டிய தொழில் நகரம். வண்டி நம்பர் எம்.ஹெச். 14. மும்பை - பெங்களூர் ஹைவே ஊரை உரசிக்கொண்டு போகிறது. அதே ரோட்டைத் தெற்கே பிடித்தால் சாத்தாரா, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, தாவணகெரே, சித்ரதுர்கா, தும்கூர், பெங்களூர், ஓசூர், கிருஷ்ணகிரி. மூன்று மாநிலம், ஒரே ரோடு, கையில் ஒரே லைசென்ஸ். தீபாவளிக்குக் காரில் ஊருக்குப் போய்த் திரும்பும் இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில், கொண்டுவந்த முறுக்கு தீர்வதற்குள் சலான் செய்தி வந்துவிடுவது இப்போதெல்லாம் சகஜம். மகாராஷ்டிரத்தில் ஒன்று, கர்நாடகாவில் ஒன்று, தமிழ்நாட்டில் ஒன்று என்று வசூலித்தவர்களும் உண்டு. கார்க்காரர்களுக்கு இது எரிச்சல். இதே ரோட்டில் ஓடும் நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர்களுக்கோ இது சோற்றுப் பிரச்சினை. அவர்களிடம் பிறகு வருகிறேன். முதலில் கொஞ்சம் சரித்திரம்.

வேகத்துக்கு அபராதம் கட்டின முதல் மோட்டார்க்காரர் என்று சொல்லப்படுபவர் வால்டர் அர்னால்ட் என்ற ஆங்கிலேயர். 1896 ஜனவரியில், இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், ஊருக்குள் மணிக்கு 2 மைல் போக வேண்டிய இடத்தில் 8 மைல் வேகத்தில் போனார். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 13. ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார்! வேகத்துக்கான அபராதம் ஒரு ஷில்லிங். அமெரிக்காவில் 1899-இல் நியூயார்க்கில் ஜேக்கப் ஜெர்மன் என்ற டாக்ஸி டிரைவரை 12 மைல் வேகத்தில் போனதற்குப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். அவர் ஓட்டினது பேட்டரி வண்டி. 1901-இல் கனெக்டிகட் மாநிலம் மோட்டாருக்கென்று வேக வரம்புச் சட்டம் போட்டது. ஊருக்குள் 12 மைல், வெளியே 15 மைல்.

இந்தக் கதைகளில் ஒரு பொது அம்சம் உண்டு. பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒரே வட்டாரத்தில் இருந்தார்கள். வண்டிகளுக்கு வேகமும் தூரமும் கூடக் கூடத்தான் அடுத்த சிக்கல் வந்தது. வெளியூர்க்காரன் வந்து விதியை மீறிவிட்டு, எல்லையைத் தாண்டிப் போய்விட்டால்?

அமெரிக்காவில் இதற்கு ரொம்ப காலம் ஒரே வழிதான். வெளி மாநில வண்டி என்றால் டிரைவரை அங்கேயே உள்ளூர் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்துவது, ரொக்கமாகவோ ஜாமீனாகவோ பணத்தை வாங்கிக்கொண்டு விடுவது. 1956-இல் இன்டர்ஸ்டேட் ஹைவே சட்டம் வந்து, மாநிலத்தை ஒரே மூச்சில் குறுக்கே கடக்கும் சாலைகள் போட ஆரம்பித்த பிறகு இது தாங்காது என்று தெரிந்துபோயிற்று. 1960-களில் மாநிலங்கள் தங்களுக்குள் டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்று ஓர் ஒப்பந்தம் போட ஆரம்பித்தன. அதன் தாரக மந்திரம்: ஒரு டிரைவர், ஒரு லைசென்ஸ், ஒரு பதிவு. நீங்கள் எங்கே மாட்டினாலும் தகவல் உங்கள் சொந்த மாநிலத்துக்கு வந்து சேரும். 1970-களில் இன்னொரு ஒப்பந்தம் வந்தது. வெளி மாநிலக்காரரைப் பிடித்து வைக்க வேண்டாம், டிக்கெட்டைக் கொடுத்து அனுப்பலாம். அவர் பதில் சொல்லாவிட்டால் சொந்த மாநிலம் லைசென்ஸை நிறுத்தி வைக்கும்.

இதிலும் ஓட்டைகள் நிறைய. எல்லா மாநிலமும் சேரவில்லை. சேர்ந்த மாநிலங்களும் ஒரே மாதிரி நடப்பதில்லை. நியூயார்க் லைசென்ஸ்காரர் வேறு மாநிலத்தில் சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் வாங்கினால் நியூயார்க்கில் பாயின்ட் ஏறாது. ஆனால் எல்லை தாண்டி கனடாவின் ஒன்டாரியோவிலோ கியூபெக்கிலோ வாங்கினால் ஏறும்! கலிஃபோர்னியாவில் 18 மாதத்துக்கு ஒரு முறை டிராஃபிக் ஸ்கூல் போகலாம். முன்பெல்லாம் ஸ்கூலை முடித்தால் வழக்கே தள்ளுபடி. 2011 ஜூலையிலிருந்து தண்டனை பதிவில் இருக்கும், ஆனால் இன்சூரன்ஸ்காரர்கள் பார்க்க முடியாமல் மறைத்து வைக்கப்படும். வெளி மாநில டிக்கெட் என்றால் ஸ்கூலை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது டிக்கெட் கொடுத்த ஊர்க் கோர்ட். நம்ம ஆட்கள் மண்டையைக் குடைவது இதனால்தான்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பாயின்ட்டும் ஸ்கூலும் ஆளைச் சுற்றியே இருக்கின்றன, வண்டியைச் சுற்றி அல்ல. பணத்தைக் கட்டினால் பாயின்ட் மிஞ்சுகிறது. பாயின்ட்டிலிருந்து தப்பிக்க வேண்டுமானால் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும். அந்த மாணவர்களில் பாதிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

சரி, நம் நாட்டுக்கு வருவோம். இங்கே மோட்டார் சட்டங்கள் மாகாணவாரியாகத்தான் பிறந்தன. வங்காளத்தில் 1903, பம்பாயில் 1904, மதராஸில் 1907 என்று தனித்தனிச் சட்டங்கள். 1914-இல்தான் பிரிட்டிஷ் இந்தியா முழுமைக்கும் ஒரே மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. அப்போதும் விதிகளை எழுதும் வேலை பெரும்பாலும் மாகாணங்கள் கையில். அந்தக் காலத்தில் ஒருவர் புனேயிலிருந்து மதராஸுக்கு மோட்டாரில் கிளம்பினார் என்று வையுங்கள். சாத்தாரா பம்பாய் மாகாணம். கோலாப்பூர் மகாராஜாவின் சமஸ்தானம். பெல்காமும் தார்வாரும் மறுபடி பம்பாய் மாகாணம். தாவணகெரேயிலிருந்து மைசூர் சமஸ்தானம். பெங்களூருக்குள் போனால் கன்டோன்மென்ட் பகுதி மட்டும் ஆங்கிலேயர் நிர்வாகம். ஓசூர் வந்தால் மதராஸ் மாகாணத்தின் சேலம் ஜில்லா. இன்றைக்கு மூன்று போலீஸ் என்று அலுத்துக்கொள்கிறோம். அன்றைக்கு எத்தனை சர்க்கார், எண்ணிக்கொள்ளுங்கள்!

ரோடுகளை மாகாணங்களும் லோக்கல் போர்டுகளும் மட்டும் சமாளிக்க முடியாது, நாடு தழுவிய ஏற்பாடு வேண்டும் என்று சொன்னது 1927-இல் போடப்பட்ட ஜெயகர் கமிட்டி. அதன் தலைவர் எம்.ஆர். ஜெயகர்தான் பின்னாளில் புனே பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவர். அந்தக் கமிட்டி சொன்னதை வைத்துத்தான் பெட்ரோலில் கூடுதல் வரி போட்டு 1929-இல் மத்திய சாலை நிதி உண்டானது. ரோடு இப்படி ஒன்றாகிக்கொண்டிருந்தபோது சட்டமும் பின்னாலேயே வந்தது. 1939-இல் புது மோட்டார் வாகனச் சட்டம். அதற்குப் பதிலாக 1988-இல் நிறைவேறி 1989 ஜூலையில் அமலுக்கு வந்ததுதான் இன்றும் நடப்பில் இருக்கும் சட்டம்.

இந்தச் சட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தபோது நிஜமாகவே ஆச்சரியப்பட்டேன். அமெரிக்காவில் மாநிலங்கள் பேரம் பேசி ஒப்பந்தம் போட்டுச் சாதித்ததை, நம் சட்டம் சில பிரிவுகளில் சத்தமில்லாமல் சொல்லியிருக்கிறது.

ஒன்று, லைசென்ஸ் எந்த ஊரில் வாங்கினாலும் இந்தியா முழுக்கச் செல்லும். இரண்டு, கோர்ட்டில் தண்டனை ஆனால் அதை லைசென்ஸிலேயே எழுதலாம். எண்டார்ஸ்மென்ட் என்று பெயர். 1939 சட்டத்திலேயே உண்டு. எழுதின கோர்ட், லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்துக்கும் தகவல் அனுப்ப வேண்டும். அதாவது, கோலாப்பூர் கோர்ட்டில் எழுதினால் நாமக்கல் ஆர்டிஓ ஆபீஸ் வரை போய்ச் சேர வேண்டும். மூன்று, தொடர்ந்து மூன்று வருடம் ஒழுங்காக ஓட்டினால் கறை இல்லாத புது லைசென்ஸ் கேட்டு வாங்கலாம். வெறும் வேகக் குற்றம் என்றால் ஒரே வருடம் போதும். நான்கு, சின்னக் குற்றத்துக்கு சம்மன் வந்தால் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம். குற்றத்தை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதி, அபராதத்தை மணி ஆர்டரில் அனுப்பினால் போதும்!

இதில் இன்னொன்று. டைம்டேபிள் போட்டு "இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும்" என்று உத்தரவு போடுகிறவர்களையும் சட்டம் விட்டு வைக்கவில்லை. வேக வரம்பை மீறாமல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர முடியாது என்று கோர்ட்டுக்குத் தோன்றினால், அந்த உத்தரவே உத்தரவு போட்டவருக்கு எதிரான முதல்நிலைச் சாட்சி. வேகமாக ஓட்டும் டிரைவருக்குப் பின்னால் அவசரப்படுத்தும் ஓர் ஆள் இருப்பான் என்பது சட்டம் எழுதினவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இவ்வளவு அழகான ஏற்பாடு ஏன் வேலைக்கு ஆகவில்லை? மூன்று காரணங்கள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, சட்டம் ஒன்று என்றாலும் போலீஸ் பல. அரசியல் சாசனத்தில் மோட்டார் வண்டி மத்திய, மாநில அரசுகளின் பொதுப்பட்டியலில் இருக்கிறது. போலீசும் வண்டி வரியும் மாநிலப் பட்டியலில். அதனால் சட்டத்தை டெல்லி எழுதும், கையை நீட்டி வண்டியை நிறுத்துகிறவர் மாநில ஊழியர். அவருக்கு அடுத்த மாநிலத்து லைசென்ஸ் பதிவைப் பார்க்க ரொம்ப வருடங்களுக்கு வழியே இல்லை. ஒவ்வொரு ஆர்டிஓ ஆபீஸிலும் தனித்தனித் தடி நோட்டு, பிறகு தனித்தனிக் கம்ப்யூட்டர்.

இரண்டாவது, ஸ்பாட் ஃபைன். குற்றத்தைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. கட்டினால் வழக்கு இல்லை. வழக்கு இல்லையென்றால் தண்டனை இல்லை. தண்டனை இல்லையென்றால் லைசென்ஸில் எழுத ஒன்றுமில்லை. 1988 சட்டப்படி வேகத்துக்கு முதல் முறை அதிகபட்சம் 400 ரூபாய். நானூறு ரூபாயோடு அந்த மீறலின் சுவடே அழிந்துவிடும். பத்து மாநிலத்தில் பத்து முறை மாட்டினவரும் காகிதத்தில் உத்தமர்தான். கட்ட முடியாதவரிடம் லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டு ஒரு ரசீது கொடுப்பார்கள். உள்ளூர்க்காரர் அடுத்த நாள் போய் மீட்பார். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் லாரி டிரைவர் என்ன செய்வார்? எப்பாடு பட்டாவது அங்கேயே முடித்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்.

மூன்றாவது காரணம் கேமரா. இது கொஞ்சம் நுணுக்கமானது. வாகனப் பதிவுகள் வாஹன் என்ற தேசியத் தளத்திலும், லைசென்ஸ் பதிவுகள் சாரதி என்ற தளத்திலும் ஒன்று சேர்ந்தபோது பழைய முதல் பிரச்சினை பெருமளவு தீர்ந்தது. 2019 சட்டத் திருத்தம் தேசியப் பதிவேட்டைச் சட்டபூர்வமாக்கி, மின்னணுக் கண்காணிப்புக்கும் வழி செய்தது. 2020-இல் நாக்பூரில் டிராஃபிக் சலானுக்கென்றே மெய்நிகர் கோர்ட் வந்தது. எங்கள் பக்கத்து மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் 2024-இல் கேமராக்கள் வரிசையாக வேலை செய்ய ஆரம்பித்தன. இன்று எந்த மாநில வண்டியானாலும் தப்பிக்க முடியாது. ஆனால் கேமராவுக்குத் தெரிவது நம்பர் பிளேட். நம்பர் பிளேட் காட்டுவது ஓனரை. சலான் போவது ஓனரின் போனுக்கு. ஓட்டினவர் யார் என்று போலீஸ் கேட்டால் ஓனர் சொல்லியாக வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பணம் கட்டி முடிந்த சலானில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

போன மழைக்காலத்தில் நிக்டி பக்கம் லாரிகள் ஓய்வெடுக்கும் இடத்தில் சங்ககிரிக்காரர் ஒருவரோடு டீ குடித்தேன். இருபது வருடத்துக்கு மேல் இந்த ரோட்டில் ஓட்டுகிறாராம். நம்பர் பிளேட்டில் டி.என். பார்த்துப் பேச்சுக் கொடுத்தேன்.

"சலான் எல்லாம் வருதாண்ணே?"

"வருதுங்க தம்பி. அது மொதலாளி போனுக்குப் போயிருமுங்க. மாசக் கடைசில கணக்குப் பாக்கறப்ப பேட்டாவுல புடிச்சுக்குவாங்க. எந்த எடத்துல, எத்தன ஸ்பீடுன்னு யாரும் சொல்றதில்லீங்க."

"ஒரு நாள் கிளாஸ் வெச்சா போவீங்களா?"

"கூப்புட்டா போலாமுங்க. ஆனா மராட்டில சொன்னா நமக்கு என்னங்க வெளங்கப் போவுது?"

ரெண்டே பதிலில் முழுப் பிரச்சினையையும் சொல்லிவிட்டார். தப்பு நடந்த இடம் எது என்றே தெரியாதவருக்கு அபராதம் எப்படிப் பாடமாகும்? அது அவருக்கு டோல்கேட் மாதிரி இன்னொரு செலவு, அவ்வளவுதான். ஓனருக்கும் அதேதான்.

இதற்குள் இன்னொரு தமிழ்நாட்டுக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவ நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன். சாலை விபத்துகளைத் தடுக்க வழி செய்யச் சொல்லி 2012-இல் சுப்ரீம் கோர்ட்டில் பொதுநல மனுப் போட்டவர். அந்த வழக்கில்தான் 2014-இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் கமிட்டி அமைந்தது. 2015-இல் அந்தக் கமிட்டி எல்லா மாநிலங்களுக்கும் சொன்னது: அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, குடித்துவிட்டு ஓட்டுவது, செல்போன் பேசிக்கொண்டு ஓட்டுவது போன்றவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸை நிறுத்தி வையுங்கள். ஹெல்மெட், சீட் பெல்ட் போடாதவர்களுக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் பாதுகாப்பு வகுப்பு எடுங்கள்.

நம் நாட்டில் டிராஃபிக் ஸ்கூல் என்ற எண்ணம் பெரிய அளவில் தலை காட்டியது இங்கேதான் என்று நினைக்கிறேன். ஒரு சர்ஜன் போட்ட வழக்கிலிருந்து வந்தது என்பதுதான் விசேஷம். உடைந்த எலும்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவருக்கு, ஒட்டுவதை விட உடையாமல் பார்ப்பது மேல் என்று தோன்றியிருக்கும்.

2019 திருத்தம் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. வேகத்துக்கான அபராதம் காருக்கு 1000 முதல் 2000 ரூபாய், நடுத்தர, கனரக வண்டிகளுக்கு 2000 முதல் 4000. அதோடு, அதிவேகம் உள்ளிட்ட சில குற்றங்களில் போலீஸ் லைசென்ஸைக் கைப்பற்றி லைசென்ஸ் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் விசாரித்து முதல் முறை மூன்று மாதம் தகுதி நீக்கம் செய்யலாம், அடுத்த முறை லைசென்ஸையே ரத்து செய்யலாம். மூன்று மாதம் முடிந்து லைசென்ஸைத் திரும்ப வாங்க வேண்டுமானால் ரெஃப்ரெஷர் கோர்ஸை முடித்திருக்க வேண்டும். ஸ்பாட்டில் பணம் கட்டிவிட்டேன் என்று சொல்லி அந்தக் கோர்ஸிலிருந்து தப்ப முடியாது என்றும் எழுதியிருக்கிறார்கள். பழைய ஓட்டையைக் குறிபார்த்து அடைத்திருக்கிறார்கள் என்று படித்ததும் கைதட்டத் தோன்றியது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். அமெரிக்காவில் வகுப்பு முன்னால் வருகிறது. கேட்டுவிட்டு வா, பாயின்ட்டிலிருந்து விடுகிறேன் என்கிறார்கள். பிரிட்டனிலும் அப்படித்தான். கொஞ்சமாக வரம்பு தாண்டினவருக்கு, அபராதத்துக்கும் பாயின்ட்டுக்கும் பதிலாக வேக விழிப்புணர்வு வகுப்பு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை. நம் சட்டத்தில் வகுப்பு கடைசியில். முதலில் பணம், பிறகு மூன்று மாத வேலையிழப்பு, அதற்கும் பிறகுதான் பாடம். மூன்று மாதம் ஸ்டீயரிங்கைத் தொடாத லாரி டிரைவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? அந்தத் தண்டனையின் கனத்தை நினைத்தே நல்ல மனசுள்ள அதிகாரி லைசென்ஸை அனுப்பத் தயங்குவார். மற்றவர் கையில் அதுவே பேரம் பேசும் ஆயுதமாகும். கேமராவோ ஆளையே பார்ப்பதில்லை என்பதால் லைசென்ஸ் கைப்பற்றும் பேச்சே அங்கே எழுவதில்லை. ஆக, ரெஃப்ரெஷர் கோர்ஸ் சட்டப் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது. அதிவேகத்தில் போகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வாசலையே பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

மாநிலங்களும் ஆளுக்கொரு நேரத்தில், ஆளுக்கொரு விலையில் இதைச் செயல்படுத்தின. 2019 செப்டம்பரில் திருத்தம் அமலானதும் குஜராத் பல அபராதங்களைக் குறைத்தது. மகாராஷ்டிரத்தில் புதிய தொகைகள் 2021 டிசம்பரில் வந்தன. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில். கட்டாத சலான்கள் மலை மாதிரி குவிந்ததும் தெலங்கானா 2022 மார்ச்சில் இரு சக்கர வண்டிகளுக்கு 75 சதவீதம் வரை தள்ளுபடி கொடுத்தது. கர்நாடகா 2023 பிப்ரவரியில் 50 சதவீதம். கோடிக்கணக்கில் பணம் வந்தது, ஜனங்கள் வரிசையில் நின்று கட்டினார்கள். ஆடித் தள்ளுபடிக்கு ஜவுளிக்கடையில் நிற்பது மாதிரி! அரசாங்கத்தைக் குறை சொல்லி என்ன பயன், நிலுவை வசூலாக வேண்டுமே. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்களிடம், "முழுத் தள்ளுபடி, ஆனால் மூன்று மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும்" என்று யாராவது சொல்லியிருந்தால்?

இதைக் கனவு என்று தள்ளிவிடாதீர்கள். தேவையான சாமான் எல்லாம் தயாராக இருக்கிறது. டிரைவர் பதிவுக்கு சாரதி இருக்கிறது. 2021-இல் வந்த விதிகளின்படி அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் வருகின்றன. காருக்கு 29 மணி நேரம், கனரக வண்டிக்கு 38 மணி நேரம் என்று பாடத்திட்டம் இருக்கிறது; அதே மையங்களில் ரெஃப்ரெஷர் கோர்ஸும் நடத்தலாம். எங்கள் சிஞ்ச்வட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் போசரியில், 1967-இல் தொடங்கின மத்திய சாலைப் போக்குவரத்து நிறுவனம் இருக்கிறது. அரசு பஸ் கழகங்களின் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வரும் இடம். நாமக்கல்லில் லாரித் தொழில் வேரூன்றியிருக்கிறது. அங்கே வகுப்புக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

மாற்ற வேண்டியது வரிசையை மட்டும்தான். முதல் வேகச் சலான் வந்ததும் ஓனர், ஓட்டினவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஓட்டினவர் முப்பது நாளோ அறுபது நாளோ, அதற்குள் தன் சொந்த ஜில்லாவில், தன் பாஷையில் ஒரு வகுப்பில் உட்கார வேண்டும். தப்பு நடந்தது கோலாப்பூரா தும்கூரா என்பது பொருட்டாக இருக்கக் கூடாது. உட்கார்ந்தால் அந்தச் சலான் தீர்ந்தது, சாரதியில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். ஒரு வருடம் சுத்தமாக ஓட்டினால் அந்த வரியும் போய்விடும். இந்த ஒரு வருடக் கணக்கை நான் கண்டுபிடிக்கவில்லை, சட்டம் எழுதினவர்களே கொடுத்தது. திரும்பவும் மாட்டினால் அபராதம். அதற்கும் அடங்காவிட்டால் மூன்று மாதம். ஒரே டிரைவர் அவசரப்பட்டே மாட்டுகிறார் என்றால், அவருக்கு நேரம் குறித்து அனுப்பினவரையும் அதே பெஞ்சில் உட்கார வைக்கலாம், சட்டம் அதற்கும் இடம் கொடுக்கிறது.

எதிர்ப்பேச்சு எனக்கே தெரியும். வகுப்புக்கு ஆளை அனுப்பாமல் சர்டிஃபிகேட் மட்டும் வாங்குவார்கள் என்பீர்கள். எட்டுப் போடாமலேயே லைசென்ஸ் கிடைத்த கதைகளைக் கேட்டு வளர்ந்த நாடு, அந்தச் சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் பணமாகவே எல்லாவற்றையும் முடித்து என்ன கண்டோம்? மத்திய அரசின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதத்துக்கு மேல் அதிவேகத்தால். அந்த வருடம் நாட்டிலேயே அதிக விபத்துகள் நடந்த மாநிலம் நம் தமிழ்நாடு, 64,105. இறந்தவர்கள் 17,884 பேர்.

ஊருக்குக் காரில் கிளம்பும் நண்பர்கள் இரண்டு காரியம் செய்யுங்கள். திரும்பி வந்ததும் மத்திய இ-சலான் தளத்தோடு நிறுத்தாமல், கடந்து வந்த மாநிலங்களின் தளங்களிலும் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். மகாராஷ்டிரம் தனித் தளம் வைத்து நடத்தி வந்திருக்கிறது. சலான் இருந்தால் பணத்தைக் கட்டுவதற்கு முன் அதில் இருக்கும் இடம், நேரம், வேகம் மூன்றையும் ஓட்டினவரிடம் காட்டுங்கள். டிரைவர் வைத்து ஓட்டுகிறவர்கள் சம்பளத்தில் பிடிப்பதற்கு முன்னால் கண்டிப்பாகக் காட்டுங்கள். அரசாங்கம் வகுப்பு எடுக்கும் வரைக்கும் நம் வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஐந்து நிமிட வகுப்பு அதுதான்.